வழியடைப்பும் கூலித் தமிழர் வாழ்வும்

(உத்தமபாளையத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இப்பகுதியினின்று மேற்கு மலைக்கு ஏற மூன்று வழிகள் உள: குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு. உத்தமபாளையம் வட்டத்துச் சிற்றூர்களில் விடியுமுன் அடுப்பு மூட்டி, சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, வண்டியேறி ஏலக்காட்டுக்குச் செல்லும் பெண்டிர்க்கு அவ்வழிகளே வாழ்வு. மாலையில் அவ்வண்டி திரும்பினால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

2011 திசம்பர்த் திங்களில் அவ்வழிகள் அடைபட்டன. முல்லைப் பெரியாற்று அணை உடையும் என்னும் அச்சம் மலைக்கு மேற்கே ஊதிப் பெருக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பெற்றனர், துரத்தப்பெற்றனர். வண்டி ஓடாமையால் பெண்டிரும் சிறாரும் காட்டுத் தடங்களில் நடந்தே இறங்கினர். செய்தி பரவியதும் பள்ளத்தாக்கு கொதித்தெழுந்தது. பல்லாயிரவர் குமுளி நோக்கி நடந்தனர். எல்லையின் இருபுறமும் தடையாணை. காய்கறிச் சரக்குந்துகள் நின்றன.

அவ்வெழுச்சியில் குற்றங் காண்பார் வரலாறு அறியாதார். 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற அணை அது. 152 அடி தேங்கிய நீரை 1979இல் 136 அடியாகக் குறைத்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபூ நெல்வயலுக்கும் மதுரை முதல் இராமநாதபுரம் வரையுள்ள நிலங்களுக்கும் உயிர்நீர் அது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தோடு சேர்க்கப்பட்டமையால், பாட்டன் காடு திருத்திய மலையிலேயே பேர்த்தி அயலாள் ஆனாள்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வழி அடைபட்ட நாள்களில் தோட்ட முதலாளிக்குக் காய் உதிர்ந்தது. கூலிப் பெண்ணுக்கோ சோறே போயிற்று. அடைத்தவர் எவராயினும் பட்டினி கிடந்தவள் தமிழச்சியே.

ஈழத்தை நோக்குக. 2006 ஆகத்துத் திங்களில் முகமாலையில் போர் மூண்டதும் ஏ-9 நெடுஞ்சாலை அடைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு நிலவழி அறுபட்டு, அரிசிக்கும் மருந்துக்கும் கப்பலை எதிர்நோக்கிக் கிடந்தது. அங்கு நடந்தது போர். குமுளியை அதற்கு நிகராக்குதல் மிகை. ஆனால் படிப்பினை ஒன்றே: சாலையின் திறவுகோல் பிறன் கையிலிருப்பின் அடுப்பின் தீயும் பிறன் கையிலேயே இருக்கும்.

2014 மே 7ஆம் நாள் உச்சநயன்மன்றம் 142 அடி நீர் தேக்கும் உரிமையை உறுதி செய்தது. அவ்வாண்டே நீர் அவ்வளவை எட்டிற்று. உழவனுக்கு நீர் வந்தது. ஏலக்காட்டுக்குச் செல்லும் பெண்ணுக்கு என்ன வந்தது?

மலையேறும் தொழிலாளர்க்கு ஊர்தோறும் பதிவேடு வேண்டும். பூசல் எழும் நாளில் அவர்களைப் பாதுகாப்பாய் இறக்கிக் கொணரும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும். போராடுவோரும் மருத்துவ வண்டியையும் தொழிலாளர் வண்டியையும் மறித்தல் கூடாது. எல்லாவற்றினும் மேலாக, மீட்ட நீரால் இப்பள்ளத்தாக்கிலேயே அவர்களுக்கு ஆண்டு முழுதும் வேலை அமைதல் வேண்டும்.

அணையின் அடிக்கணக்கைத் தமிழன் மனப்பாடமாய் ஒப்பிக்கிறான். மலையிறங்கி வந்த அப்பெண்டிரின் கூலிக்கணக்கையும் அவன் கேட்கத் தொடங்கட்டும். அன்றே அவ்வுரிமைப்போர் முழுமை பெறும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!