வாய்ப்புண்ணுக்கு முன்னால் ஓர் ஐஸ் கட்டி

ஷா ஆலமில் குடியிருக்கிறேன். எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் தாதியாக வேலை. புற்றுநோயாளிகளுக்குக் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல் ஏற்றும்போது வருகிற வாய்ப்புண்ணைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

இந்தச் சிகிச்சை நம் மலேசியாவுக்குப் புதிது அல்ல. 1987இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கியது. இன்று அம்பாங் மருத்துவமனை உட்படப் பல இடங்களில் நடக்கிறது. முதலில் மிக அதிக அளவில் கீமோ மருந்து. பிறகு பைகளில் வரும் குருத்தணுக்கள் இரத்தம் ஏற்றுவதுபோல ஏறும். குருத்தணு ஏறுகிற நாளைத்தான் எல்லாரும் பயத்தோடு எதிர்பார்ப்பார்கள். உண்மையில் அன்று பெரும்பாலும் அமைதியாகவே போய்விடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

வேகமாகப் பெருகும் அணுக்களைத்தான் கீமோ முதலில் தாக்கும். வாயின் உள்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதனால் அதுவும் அடிபடுகிறது. மருந்து ஏறி ஒரு வாரம் போல ஆனதும் எரிச்சல் ஆரம்பிக்கும். இரண்டாவது வாரத்தில் உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம், தொண்டை எல்லாம் வெள்ளையாகத் தோலுரிந்து நிற்கும். எச்சில் விழுங்கவே கண்ணில் நீர் வரும். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருப்பதும் அதே நாட்களில்தான். புண் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெள்ளணுக்கள் ஏற ஏறத்தான் புண்ணும் ஆறும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தப் புண்ணை 0 முதல் 4 வரை அளக்கிறது. நாங்கள் காலையில் கேட்பது இதைத்தான்: "தோசை இறங்குதா? கஞ்சி இறங்குதா? தண்ணியாவது இறங்குதா?" புண் இருந்தும் தோசை இறங்கினால் இரண்டு. கஞ்சித் தண்ணீர் மட்டும் என்றால் மூன்று. எதுவுமே இறங்காவிட்டால் நான்கு. அப்போது ஊட்டச்சத்தைக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ். ஆமாம் நேயர்களே, சாதாரண ஐஸ் கட்டிதான். மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுக்கு மெல்பலான் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது ஏறுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே வாயில் ஐஸைப் போட்டு, ஏறும் நேரம் முழுவதும், முடிந்த பிறகும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்தில் வாய்க்குப் போய்ச் சேரும் மருந்து குறையும். மெல்பலான் இரத்தத்தில் வெகுநேரம் தங்குவதில்லை, அதனால் இது பலிக்கிறது. உலகளாவிய மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கும் முறை இது.

ஆனால் நம் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! கிள்ளானிலிருந்து வந்த ஒரு பாட்டி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய கை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மிஸ்ஸி, கேன்சர் போதாதுன்னு சளியும் புடிக்கணுமா?" பக்கத்தில் நின்ற மகளும், "அம்மாவுக்கு ஐஸே ஆகாது மிஸ்ஸி" என்றார். கொதித்து ஆறிய தண்ணீரில் உறையவைத்த ஐஸைச் சின்னதாக நொறுக்கி, முனை குத்தாமல் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோனேன். "சின்ன வயசுல ஐஸ் கச்சாங் சாப்பிட்டதே இல்லையா பாட்டி?" என்றேன். சிரித்துவிட்டார். பல் கூசும்போது அரை நிமிடம் நிறுத்துவார், பிறகு அவரே கரண்டியை நீட்டுவார். சளி பிடிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலும் ரசம் சாதத்தைக் குழைத்துச் சாப்பிட்டார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டிக்கு அமைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாக் கீமோவுக்கும் ஐஸ் பொருந்தாது. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல இருக்கலாம். நாட்கணக்கில் இறங்கும் மருந்துகளுக்கு ஐஸ் அவ்வளவு கைகொடுக்காது. ஆகவே நீங்களாக எதையும் செய்யாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ஃபின் என்றாலே நம் குடும்பங்கள் பயப்படுகின்றன, அடிமையாகிவிடுவார்களோ என்று. இந்தப் புண்ணுக்கு மருத்துவர் அளந்து சில நாட்கள் கொடுக்கும் மார்ஃபின் தேவையான மருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

நேரம் முடியப்போகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பல்லைச் சரிசெய்துவிடுங்கள். மிருதுவான பிரஷ் வாங்கிவையுங்கள், வெற்றிலை பாக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். வார்டில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னால் சோர்வாக இருந்தாலும் தவறவிட வேண்டாம். "எங்கள் மருந்துக்கு ஐஸ் உண்டா டாக்டர்?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.