திராட்சைத் தோட்டத்தில் மூடுபயிர்: மண்ணைக் காப்பதும் நமது கோரிக்கையே

(விவசாய அரங்க ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கடன் தள்ளுபடி, ஆதரவு விலை, வன உரிமை, கூலி உயர்வு ஆகியவற்றைப் பேசிப் பழகியவர்கள் நாம். சணப்பை விதைப்பது பற்றி ஓர் உரை என்றதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். இது வேளாண்மை அலுவலர் பேச வேண்டிய செய்தியாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று தேநீர் இடைவேளையில் ஒரு தோழர் கேட்டும்விட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து செங்கொடி ஏந்திப் புறப்பட்ட விவசாயிகள் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து 12ஆம் தேதி மும்பையை அடைந்ததை நாம் அறிவோம். அவர்களுள் திரளானோர் சுர்கானா, பேட், களவண், திண்டோரி வட்டங்களின் பழங்குடி மக்கள். அதே சுர்கானா, பேட் மலைப்பகுதிகளிலிருந்துதான் நிபாட், திண்டோரி திராட்சைத் தோட்டங்களுக்குக் கவாத்துக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கூலி வேலைக்கு மக்கள் இறங்கி வருகிறார்கள். எனவே அத்தோட்டத்து மண்ணின் நிலை, தோட்டக்காரரின் சொந்த விவகாரம் மட்டுமன்று.

அம்மண்ணின் நிலை என்ன? கொடி வரிசைகளுக்கு இடையே ஒன்பது, பத்தடி இடைவெளி உண்டு. சொட்டுநீரும் உரமும் கொடியின் அடியில் விழுகின்றன. நடுவிலுள்ள நிலத்தையோ பல தோட்டங்களில் களைக்கொல்லி அடித்தோ, ஓயாமல் உழுதோ மொட்டையாக வைத்திருக்கிறார்கள். மருந்து தெளிக்கும் டிராக்டர் ஒரு பருவத்தில் பலமுறை அதே தடத்தில் ஓடி மண்ணை இறுக்குகிறது. பருவமழை அடித்தால் இறுகிய நிலத்தில் நீர் இறங்காமல், மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. கோடையில் அதே கரிசல் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது.

மூடுபயிர் என்பது இந்த இடைநிலத்துக்கு ஓர் ஆடை. சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்ப்பவை. மழைத்துளியின் அடியை இலை தாங்குகிறது. வேர் மண்ணைத் துளைத்து நீருக்கு வழிவிடுகிறது. அறுத்துப் போட்ட தழை மூடாக்காகிக் களையை அடக்குகிறது, பின்னர் மக்கி மட்கைக் கூட்டுகிறது. ஈர நாளிலும் டிராக்டர் சேற்றில் புதையாமல் போய்வர முடிகிறது. தோட்டக்காரருக்கு இந்தக் கடைசிப் பயனே முதலில் கண்ணில் படும்.

ஆனால் தோழர்களே, காலம் தவறினால் இதே மூடுபயிர் கேடாகவும் முடியும். நாசிக்கில் திராட்சைக்கு ஆண்டில் இருமுறை கவாத்து: ஏப்ரலில் அடிக்கவாத்து, அக்டோபர் வாக்கில் காய்க்கவாத்து. ஏப்ரல் கவாத்துக்குப் பிந்தைய ஓரிரு மாதங்களில்தான் அடுத்த விளைச்சலுக்கான கனிமொட்டுகள் கொடிக்குள் உருவாகின்றன. அப்போது தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகத் தழைக்கும், குலை குறையும். அந்தக் கோடையில் இன்னொரு பயிர் நீருக்குப் போட்டியிடுவதும் ஆகாது. ஆகவே ஜூன் மழையில் விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் அறுத்துவிட வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும்; மக்காது. காய்க்கவாத்துக்குப் பிறகும் உயரமாக நின்றால் ஈரம் தேங்கி அடிச்சாம்பல் நோய்க்கு இடமாகும். இவற்றைச் சொல்லாமல் வெறுமனே விதையுங்கள் என்று பிரச்சாரம் செய்தால், ஒரே ஆண்டில் நம் பேச்சை எவரும் கேட்கமாட்டார்கள்.

ஒருபுறம் உரத்தைக் கொட்டிக் கொடியை வெறிகொண்டு வளரவிடுவது, மறுபுறம் அவ்வளர்ச்சியை மருந்தடித்து ஒடுக்குவது என்ற விந்தையும் உண்டு. 2010இல் குளோர்மெக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சத்தைக் காரணம் காட்டி ஐரோப்பாவில் இந்தியத் திராட்சைக் கொள்கலன்கள் நிராகரிக்கப்பட்டன. மருந்தை விற்றவர் இலாபத்தோடு ஒதுங்கிக்கொண்டார். கடன் விவசாயி தலையில் விழுந்தது. மூலதனம் முதல் தொகுதியில் உழைப்பாளியைச் சுரண்டுவதையும் மண்ணைச் சுரண்டுவதையும் மார்க்ஸ் ஒரே மூச்சில் வைத்துப் பேசியது வெறும் உவமைக்காக அன்று.

இனி அரசின் பங்கைப் பார்ப்போம். 2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நின்றது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை ஏறியது. யூரியா மலிவாகவே இருந்தது. விவசாயி எதைக் கூடுதலாகப் போடுவார்? அறியாமை என்று அவர்மீது பழி போடுவது எளிது. ஐரோப்பிய ஒன்றியமோ, மண்ணை மூடிவைப்பது போன்ற நடைமுறைகளுக்குத் தன் வேளாண் கொள்கையின் வழியாகவே விவசாயிகளுக்குப் பணம் தருகிறது. நம் விவசாயியோ அதே சந்தையில் கையில் ஒன்றுமின்றிப் போட்டியிட வேண்டும்.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,481 கோடி ரூபாயில் தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இயற்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது சில தோழர்களின் வழக்கம். அதில் சிறிது நியாயமும் இருக்கிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடைசெய்து, விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியதை மறக்கலாகாது. நாம் கேட்பது உரத்தை நிறுத்துவது அன்று. மட்கு கூடக் கூட, மண் பரிசோதனையின்படி உரத்தைப் படிப்படியாகக் குறைப்பதையே கேட்கிறோம். அறிவியலைப் பழம்பெருமையோடு குழப்புவோரிடம் இந்தப் பொருளை விட்டுவிடலாமா?

நம் நாட்டில் இது புதிதுமன்று. கேரள ரப்பர் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே பியூரேரியா கொடியை நெடுங்காலமாகப் படரவிடுகிறார்கள். அங்கே இன்று பரவியுள்ள முக்குனா பிராக்டியேட்டா, திரிபுரா உள்ளிட்ட வடகிழக்குக் காடுகளுக்கு உரிய கொடி. ரப்பருக்கு வாரியம் உண்டு. அதன் பரிந்துரை சிறு தோட்டக்காரரையும் எட்டியது. திராட்சைக்குப் புனே அருகே மாஞ்சரியில் தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நான்கு ஏக்கர்க்காரரின் வயலுக்கு வரும் வழிதான் துண்டித்துக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் பூச்சிமருந்துக் கடைக்காரரே ஆலோசகராக அமர்ந்திருக்கிறார்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூடாக்கினால் களை குறைந்தால், களையெடுக்கும் பெண்களின் வேலைநாளும் குறையும். களைக்கொல்லி ஏற்கெனவே அந்த வேலையைப் பறித்திருக்கிறது, உடலுக்கும் கேடு செய்கிறது என்பது உண்மை. அதற்காக அடுத்த இழப்பு இழப்பில்லை என்று ஆகிவிடாது. ஆகவே விதைப்பு, அறுப்பு, தழை பரப்புதல் ஆகிய வேலைகளை ஊரக வேலைத் திட்டத்தின்கீழ் சிறு, குறு விவசாயிகளின் தோட்டங்களில் செய்ய வழிகேட்க வேண்டும். தட்டைப்பயறு விதைத்த இடத்தில் காயும், ஆட்டுக்குத் தழையும் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளர்களுக்காகத் தோட்டக்காரரிடம் பேசிப் பெற வேண்டும். மறுக்கும் தோட்டக்காரர் நம் உறுப்பினராகவே இருந்தாலும் பேசத்தான் வேண்டும்.

விதையைக் கூட்டுறவுச் சங்கங்கள் மானிய விலையில் தர வேண்டும் என்ற மனு மார்ச் மாதத்துக்குள் வட்டாட்சியர் அலுவலகங்களுக்குப் போகட்டும். ஜூன் மழை வந்தபின் வரும் சணப்பை விதையால் எவருக்கும் பயனில்லை. ஒவ்வொரு கிளையும் இரண்டு உறுப்பினர்களின் தோட்டத்தில் சில வரிசைகளை மூடியும் சில வரிசைகளை வெறுமனேயும் விட்டு, செலவையும் விளைச்சலையும் குறித்து வையுங்கள். நட்டம் வந்தால் அதையும் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.