இலுப்பைப் பூ

‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்போம். அந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

பங்குனி, சித்திரையில் விடியற்காலை இலுப்பை மரத்தடிக்குப் போனால், தரையெல்லாம் வெளிர் மஞ்சள் முத்துக்களாக உதிர்ந்து கிடக்கும். மற்ற பூக்களைப் போல மெல்லிய இதழ் இல்லை. சதைப்பற்றாக, உருண்டையாக இருக்கும். வாயில் போட்டால் அப்படி ஒரு தித்திப்பு, கூடவே கொஞ்சம் நெடி. கரும்பாலை இல்லாத ஊரில் இதுவே இனிப்பானது என்றால், பழமொழி சும்மா வரவில்லை.

இலுப்பைக் கொட்டையை ஆட்டினால் எண்ணெய். குளிர்ந்தால் நெய் மாதிரி உறையும். கோயில் விளக்குகள் இதிலும் எரிந்தன. அதற்காகவே கோயில் நிலங்களில் இலுப்பைத் தோப்புகள் வளர்த்தார்கள். ஆட்டி மிஞ்சிய பிண்ணாக்கு, தலைக்குத் தேய்க்க அரப்பானது. இலுப்பூர், இலுப்பைப்பட்டு என்று ஊர்ப்பெயரிலும் மரம் நிற்கிறது.

தோப்புகள் அழிந்துவருவதுதான் மனதை வருத்துகிறது. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகிற வௌவால்களுக்கும் அதனால் இரை குறைகிறது.

வளர்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இலுப்பை விதை காய்ந்தால் முளைக்காது. ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்ததும், ஈரம் உலர்வதற்குள் ஊன்றிவிடுங்கள்.