நீரின் வன்மையை நிறத்தாற் காணல்



யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். ஆயினும் அந்நீரிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அதனைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெண்படிவு தடிக்கின்றது. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவரும் நீர் கல்சியம், மகனீசியம் என்னும் உலோகங்களின் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வருவதே இதற்குக் காரணம். கண்ணுக்குப் புலப்படாத அவ்வுலோகங்களைக் காட்டித் தருவது யாது? கம்பளித் துணிக்கு ஊட்டும் சாயமொன்றே அது.

1858ஆம் ஆண்டிலே பீற்றர் கிறீஸ் என்னும் ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஈரசோச் சேர்வைகளைக் கண்டறிந்தார். அவ்வழியிற் பிறந்தவை அசோச் சாயங்கள். இரட்டைப் பிணைப்பினாற் கைகோத்த இரண்டு நைதரசன் அணுக்களே இவற்றின் அடையாளம். இக்குலத்தைச் சேர்ந்ததே எரியோக்குரோம் கறுப்பு ரி என்னும் சாயம்.

ஒரு பொருளின் நிறம், அது வெள்ளொளியில் எப்பகுதியை விழுங்குகின்றது என்பதைப் பொறுத்தது. செம்மஞ்சள் ஒளியை விழுங்குவது நீலமாகத் தோன்றும். பச்சை ஒளியை விழுங்குவது செந்நிறமாகத் தோன்றும். மேற்கூறிய சாயம் மென்காரக் கரைசலிலே தனித்து நிற்கும்போது நீலநிறமுடையது. மகனீசியம் வந்து சேர்ந்ததும், சாயத்தின் ஒட்சிசன் அணுக்களும் நைதரசன் அணுவும் அவ்வுலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. அதனாற் சாயத்தின் இலத்திரன்கள் கிளர்ச்சியுறுவதற்கு வேண்டிய சத்தி மாறுகின்றது. விழுங்கப்படும் ஒளி பச்சைப் பகுதிக்குப் பெயர, நீலம் மறைந்து திராட்சை மதுவின் செந்நிறம் தோன்றுகின்றது.

இம்மாற்றத்தை நீர்ப் பரிசோதனைக்கு உதவும் கருவியாக்கியவர் சூரிச் நகரத்து அறிஞர் கெரோல்ட் சுவார்ட்சன்பாக். அவரும் அவருடன் உழைத்தவரும் 1948ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். பரிசோதிக்கும் நீருக்கு அமோனியாக் கலவை சேர்த்து, அதன் பீ.எச். பெறுமானத்தை 10 அளவில் நிறுத்துவர். பின்னர் சிறிதளவு சாயம் இடுவர். நீர் சிவக்கும். அதன்பின் ஈ.டீ.ரீ.ஏ. என்னும் கரைசலைத் துளித்துளியாகச் சேர்ப்பர். உலோகங்களைப் பற்றுவதிற் சாயத்தினும் வல்லது அது. முதலில் நீரிலே தனித்துள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றும்; முடிவிலே சாயத்தின் பிடியிலுள்ள மகனீசியத்தையும் பறித்துக்கொள்ளும். அக்கணமே சிவப்பு நீங்கி நீலம் பிறக்கும். செலவான கரைசலின் அளவைக்கொண்டு நீரின் வன்மையைக் கணக்கிடலாம்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. சாயம் தனக்குத் தெரிந்த உலோகத்துக்கே சாட்சி சொல்லும். நோய்க்கிருமிகளைப்பற்றியோ, தோட்டத்து உரத்திலிருந்து கிணற்றுக்கு ஊறும் நைத்திரேற்றைப்பற்றியோ அது எதுவும் கூறாது. அவற்றுக்கு வேறு பரிசோதனைகள் உண்டு. குழந்தைகள் பருகும் நீரை, தெளிவாக இருக்கின்றது என்பதனால் மட்டும் நல்லதென நம்பிவிடுதல் தகாது. வன்மை குறைந்ததென ஒரு பரிசோதனை கூறியதும் அமைதியடைந்து விடுதலும் தகாது. கண் காணாததைக் காட்ட விஞ்ஞானம் வழி தந்திருக்கின்றது. எதைக் காட்டுகின்றது, எதைக் காட்டவில்லை என்று கேட்டறிதல் மக்களின் கடமையாகும்.