நெல்லிக்கனியும் உழவாரமும்

இம்மண்ணின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான். நெடுநாள் வாழ்விக்கும் கனி என்பதை மறைத்தே ஈந்தான். அரண்மனையில் ஓய்ந்திருப்பதற்கா? அதியனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற கால்கள் அல்லவா அவை!

ஆயுள் வேண்டுவார் பலர். அதைக்கொண்டு என் செய்வது என்று எண்ணுவார் சிலரே. அப்பர் பெருமான் 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையில் திருக்கயிலை நோக்கிச் செல்லுங்கால் கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய, மார்பால் நகர்ந்தார். அதற்குப் பின்னும் உழவாரத்தைக் கீழே வைத்தாரில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தே பொன்னும் மணியும் மின்னின. பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். நாமாயின் அன்றே உழவாரத்தைப் போட்டிருப்போம்!

புராணந்தானே என்பீராயின், கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் பாட்டியாரைப் பாருங்கள். நூறு கடந்தும் வயலில் இறங்கியவர், 2021இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானார், 2024இல் மறைந்தார்.

"எங்களுக்கு இனி என்ன வேலை இருக்கிறது?" என்று முதியோர் சிலர் நேற்று எம்மிடம் வருந்தினர். மேலைப் பிராகாரத்தில் கோரை மண்டிக் கிடக்கிறது. நாளைக் காலை 6 மணிக்கு அறுபது கடந்த யாமும் வருகிறோம். அமர்ந்தபடியே பிடுங்கலாம்.