வெள்ளை ஈயின் கண்ணால் பாருங்கள்



பேரிகைப் பக்கம் ஒரு பெரியவரின் தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். "ஐயா, நீங்க சொன்னபடி மஞ்சள் அட்டை கட்டினேன். அப்படியும் இலை சுருண்டு போச்சே!" என்று குறைப்பட்டார். செடி முழங்கால் உயரம். அட்டையோ ஆள் உயரக் கம்பில், புழுதி படிந்து தொங்கியது. தவறு அவர்மேல் இல்லை. கட்டச் சொன்ன நான், எதற்காகக் கட்டுகிறோம் என்று விளக்காமல் விட்டேன். அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

பூச்சியின் கண் கூட்டுக்கண். தேனீயின் ஒரு கண்ணிலேயே சுமார் 5,000 சிறு கண்கள் அடுக்கியிருக்கும். இப்படிப்பட்ட கண்ணுக்கு உருவம் மங்கலாகத்தான் தெரியும். அசைவும் வெளிச்சமும் நிறமும் பளிச்சென்று தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் பல பூச்சிகளுக்குத் தெரியும்.

வெள்ளை ஈக்கு இரண்டு அடையாளங்கள் முக்கியம். புற ஊதா ஒளி என்றால் வானம்: "பற" என்கிறது. மஞ்சள் கலந்த பச்சை என்றால் தளிர்: "இறங்கு" என்கிறது. நமக்கு வெறும் மஞ்சள் அட்டை. அதற்கோ தோட்டத்திலேயே கொழுத்த தளிர்! ஏமாந்து இறங்கி ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே அட்டை செடியின் நுனி மட்டத்தில் இருக்கணும். செடி வளர வளர உயர்த்திக் கட்டுங்க. ஏக்கருக்கு ஐந்து போதும். பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி வைத்தாலும் சரி. புழுதி படிந்தால் நிறம் மறைந்துவிடும். துடைத்து மறுபடி தடவுங்க.

அட்டை மட்டுமே நோயைத் தடுத்துவிடாது. எவ்வளவு ஈ வந்திருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும். கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்கும் செலவு குறையும். இலைச்சுருள் கண்ட செடிக்கு மருந்தே கிடையாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிடுங்க. நாற்றங்காலை நைலான் வலையால் மூடுங்க.

மல்ச்சிங் ஷீட் போடுகிறவர்கள் வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்க. அது வான ஒளியைத் திருப்பி அடிப்பதால், எது வானம், எது தரை என்று ஈக்குக் குழப்பம்; இறங்கத் தயங்கும். செடி படர்ந்து ஷீட்டை மூடிவிட்டால் இந்தப் பலன் இருக்காது.

பசுமைக்குடிலில் ரோஜா, குடைமிளகாய் வைத்திருப்பவர்கள் இலைப்பேனுக்கு நீல அட்டை கட்டுங்க. அதன் கண்ணை இழுப்பது நீலம்.

ஓசூர் சிப்காட் ஓரம் நிலம் வைத்திருப்பவர்கள், "கம்பெனி விளக்குக்கு ஏன் இத்தனை பூச்சி?" என்று கேட்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2024-இல் விடை சொன்னது. இரவில் பறக்கும் பூச்சி, வெளிச்சமான வானத்துக்கு முதுகைக் காட்டித்தான் மேல், கீழ் அறிகிறது. விளக்கருகே வந்ததும் விளக்குக்கு முதுகைத் திருப்பி, வழி தவறிச் சுற்றுகிறது. விளக்குப்பொறி வேலை செய்வதும் இதனால்தான். நன்மை செய்யும் பூச்சிகளும் அதில் சிக்கும். மாலை 6 முதல் 10 மணி வரை எரியவிட்டு அணைத்துவிடுங்க.

நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போனதும் குனிந்து, செடியின் நுனி மட்டத்திலிருந்து பாருங்க. உங்கள் மஞ்சள் அட்டை அங்கே தெரிகிறதா?