சொட்டும் வால்வு



கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் அமைந்த நுவரெலியாவிலே, விடியற்காலைக் குளிரில் வெந்நீர் ஆடம்பரமன்று; அன்றாடத் தேவை. அதனை வழங்கும் மின் நீர்சூடாக்கியின் புறத்தே சிறியதொரு காப்பு வால்வு உண்டு. சில வேளைகளில் அதிலிருந்து நீர் சொட்டும். நீர் வீணாகின்றதே என்றெண்ணி அதன் வாயை அடைத்துவிட மனம் தூண்டும். அதனினும் ஆபத்தான சிக்கனம் பிறிதில்லை.

வால்வு சொட்டுவது ஏன்? முதற் காரணம் குழாய்நீரின் அமுக்கம். நீர் 10 மீற்றர் உயர்ந்து நின்றால், அதன் அடியில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 இறாத்தல் அமுக்கம் உண்டாகும். கூரைமேல் வைத்த தாங்கியிலிருந்து நீர் பெறும் வீட்டில் அது 5 இறாத்தலளவே இருக்கும். குன்றின்மேலுள்ள நீர்த்தேக்கத்துக்கு 60 மீற்றர் கீழே, நேரடி இணைப்புப் பெற்ற வீட்டிலோ 85 இறாத்தலை எட்டக்கூடும். பகலில் ஊரார் நீரெடுக்கையில் இது தாழும். ஊர் உறங்கும் இரவில் மீண்டும் ஏறும்.

இரண்டாவது காரணம் வெப்பத்தால் நீர் விரிதல். 100 இலீற்றர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ ஒன்றரை இலீற்றர் பெருகும். பெருகிய நீர் வந்த வழியே குழாய்க்குத் திரும்புமாயின் தீங்கில்லை. ஒருவழி வால்வு அதனைத் தடுப்பின், கலத்தின் சுவரே அவ்வமுக்கத்தைத் தாங்கவேண்டும். நாள்தோறும் இவ்வாறு வருந்தும் கலத்தின் உட்பூச்சு வெடிக்கும். வெடிப்பினூடே துரு நுழையும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் பழுதுற்றால் நிலைமை கொடிது. அமுக்கத்துள் அகப்பட்ட நீர் 100 பாகையிற் கொதியாது. மேலும் மேலும் சூடேறும். கலம் பிளந்த கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, தன் கனவளவைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்காக விரியும். அவ்வேளை வீட்டாரைக் காக்க எஞ்சியிருப்பது, அடைக்கப்படாத அச்சிறு வால்வேயாம்.

ஆகவே, சொட்டும் வேளையைக் கவனித்தல் வேண்டும். நீர் சூடேறும்போது மட்டும் சொட்டினால் விரிவே காரணம் எனலாம். இரவில் மிகுதியாகச் சொட்டினால் குழாய் அமுக்கத்தை ஐயுறவேண்டும். எந்நேரமும் சொட்டுவதாயின் வால்வே பழுதுற்றிருக்கலாம், அதனை மாற்றுக.

அமுக்கமானி கொண்டு இரவிலும் அளந்து பார்த்து, 80 இறாத்தலை மீறின், நீர் வீட்டினுள் நுழையுமிடத்தில் அமுக்கங்குறைக்கும் வால்வைப் பொருத்தி, 50 இறாத்தலளவில் நிறுத்துவது நன்று. அவ்வளவில் வேலை முடிந்துவிடாது. அவ்வால்வு பெரும்பாலும் நீர் திரும்பும் வழியையும் அடைத்துவிடும். எனவே அதனோடு விரிவுத் தாங்கியொன்றும் வேண்டும். இறப்பர்த் திரையின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் நீரும் கொண்ட சிறுகலம் அது. நீர் பெருகுகையில் காற்று ஒடுங்கி இடங்கொடுக்கும். நீர் புகுமுன், அக்காற்றின் அமுக்கத்தைக் குழாய் அமுக்கத்துக்குச் சமமாக அமைத்தல் அவசியம்.

காப்பு வால்வின் வெளியேற்றுங் குழாய் கீழ்நோக்கித் திறந்தே இருத்தல் வேண்டும். அதில் மூடியும் ஆகாது, திருகுபிடியும் ஆகாது. இவ்வேலைகளை மின்னை நிறுத்திய பின், தேர்ந்த தொழிலாளரைக் கொண்டே செய்விக்க.

நோயாளியின் வாயைப் பொத்துவதால் நோய் தீராது. சொட்டும் வால்வும் ஒரு முறையீடே. அதன் வாயை அடையாது, காரணத்தைத் தேடும் இல்லத்தில் கலமும் நீடிக்கும். குடும்பமும் அச்சமின்றி வாழும்.